ரெண்டு பேர்தான்

ஜனவரி 18, ஞாயிறு

மலர்மதி அக்கா இன்று போட்ட வீடியோவை நான்கு தடவை பார்த்துவிட்டேன். 'பதறாத பந்தி' சேனலில் இதுவரை வந்ததிலேயே இதுதான் உச்சம். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதலில் செய்ய வேண்டியது சமையல் இல்லையாம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்காருவதாம். யாருக்குத் தோன்றும் இப்படி? அந்த இடத்தை மட்டும் வெட்டி, பின்னால் மழைச் சத்தம் சேர்த்து என் ரசிகர் பக்கத்தில் ஏற்றினேன். எடிட்டிங் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். அக்கா ஒரு இதயம் போட்டார். அக்காவே. உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அம்மா மதுரையில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். சித்திக்கு மூட்டு வலி. நேற்றுக் காணும் பொங்கல் விருந்து முடிந்ததும் கிளம்பினாள். இரண்டு நாளில் வந்துவிடுவாள்.

அடுத்த மாதம் சிவராத்திரி. அப்பா வழிச் சொந்தம் மொத்தமும் குலதெய்வம் கோயிலுக்கு வரும். கோயில் எங்கள் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் இருப்பதால் மறுநாள் மதியக் கறிச்சோறு எங்கள் வீட்டில்தான். நான் பிறந்ததிலிருந்து இதுதான் வழக்கம். இந்தத் தடவை அக்காவின் முறைப்படி நானே முன்னின்று நடத்தப் போகிறேன். அம்மா வந்து பார்த்து அசந்துபோக வேண்டும்.

நேற்றைய விருந்தை எடுத்த வீடியோ நன்றாக ஓடுகிறது. வாசலில் செருப்புக் குவியல், நீள வரிசையில் இலைகள், அப்பாவின் சிரிப்பு. கடைசியில் அம்மா அடுக்களை வாசலில் நிற்கிற ஒரு துண்டு இருந்தது. வெளிச்சம் சரியில்லை, வெட்டிவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

அப்பாவுக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. கடைக்கு வருகிற யாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் அனுப்பமாட்டார். இல்லை என்று சொல்லிவிட்டால் விடவும் மாட்டார். மதியம் போன் வந்தது. "பாப்பா, ரெண்டு பேர்தான் வர்றாங்க. இருக்கிறதப் போடு."

அக்கா சொன்னபடி தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஐந்தாவது நிமிடம் வாசலில் ஏழு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி உலை வைத்தேன். சாம்பாரில் வெந்நீர் ஊற்றினேன். முட்டை வாங்கப் பின்வாசல் வழியாக ஓடினேன். வந்தவர்கள் ரொம்ப நல்ல மாதிரி, கையை நக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்கணுமே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. எல்லோரும் போன பிறகு நான் உட்கார்ந்தபோது ரசத்து அடிமண்டியும் ஊறுகாயும் இருந்தன. பரவாயில்லை, எனக்கு அவ்வளவாகப் பசியும் இல்லை. அம்மாவும் எப்போதும் இதைத்தான் சொல்வாள்.

ஜனவரி 24, சனி

சாத்தூரிலிருந்து குருவம்மாள் அத்தை தினமும் போன் செய்கிறார். அப்பாவின் அக்கா. குடும்பத்தில் யார் யாரோடு பேச வேண்டும், யார் பந்தியில் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. இன்றும் ஜெயக்கொடியிடம் போனைக் கொடு என்றிருக்கிறார். அப்பா, "குளிக்கிறாக்கா" என்றார்.

இந்த வாரம் மட்டும் அம்மா ஐந்து தடவை குளித்துவிட்டாள்.

ஜனவரி 26, திங்கள்

கல்லூரி விடுமுறை. பீரோவை ஒழுங்கு செய்தேன். விருந்துக்குப் பத்து நாள் முன்பே வீட்டில் பாதிச் சாமானைக் கண்ணில் படாமல் எடுத்து வைக்கச் சொல்வார் மலர்மதி அக்கா. நான் இருபது நாள் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

அம்மாவின் ஆதார் கார்டைக் காணோம். பட்டுச் சேலைகள் அப்படியே இருக்கின்றன. அடுப்படிக்குக் கட்டுகிற நூல் சேலைகள் ஒன்றுகூட இல்லை. சித்தி வீட்டில் வேலை அதிகம் போல.

சாயங்காலம் அம்மா பேசினாள். சாப்பிட்டாயா, பாட்டில் தண்ணீர் எடுத்துப் போகிறாயா, அவ்வளவுதான். பின்னால் தட்டுச் சத்தம், நிறையப் பெண்களின் சத்தம். "ஜெயாக்கா, சட்னி" என்று யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். சித்தி தெருவில் ஏதோ விசேஷம் இருக்கும்.

ஜனவரி 30, வெள்ளி

அக்கா என் பெயரைச் சொன்னார்!

நேரலை. நான்காயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டிவிட்ட கேள்வி: "வீட்டில் அம்மா இல்லை, சொந்தக்காரர்கள் நிறைய வருகிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?" அக்கா அதைப் படித்தார். "தர்ஷிகா, நம்ம பக்கத்துல அழகா கிளிப் போடுற பொண்ணுதானே நீங்க" என்றார். தலையணையைக் கடித்துக்கொண்டேன். பிறகு சொன்னார்: "நிறையன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் தப்பு. எத்தனைன்னு கேளுங்க. அதைக் கேக்காம அடுப்புப் பத்த வைக்காதீங்க. ஆள் எண்ணிக்கை தெரியாத வீட்ல ஒருத்தி சாப்பிடாமத்தான் இருப்பா."

கடைசி வரியை நான் கிளிப்பில் சேர்க்கவில்லை. நீளம் அதிகமாகிவிட்டது.

அப்பா வந்ததும் கேட்டேன். சிவராத்திரிக்கு எத்தனை பேர் என்று போன் போட்டுக் கேட்டுவிடலாமா?

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "வர்றவங்களை எண்ணிக் கேக்குறதா? என்ன பேச்சு பாப்பா இது. நம்ம வீட்டுக் கதவு சாத்துனதே இல்ல."

தட்டைப் போட்டேன். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 4, புதன்

சித்திக்கு மூட்டு வலி இல்லை.

பிப்ரவரி 7, சனி

மதுரைக்குப் போய் வந்தேன். அப்பாவிடம் தோழி வீட்டுக்கு என்று சொன்னேன்.

வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதி. சித்திதான் இடம் சொன்னாள். பச்சைக் கேட்டு, வேப்பமரம், ஸ்கூட்டி வரிசை. அம்மா அங்கே சமைக்கிறாள். சமைப்பதாக இருந்தால் இங்கேயே சமைத்திருக்கலாமே என்றுதான் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம். போனதும் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மனப்பாடம்கூடச் செய்து வைத்திருந்தேன்.

அம்மா மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலை பதினொரு மணிக்கு. சூடான இட்லி, ஆவி பறந்தது. அவள் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் கதவோரமாக நின்று பார்த்தேன். யாரோ ஒரு பெண் மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். அப்புறம் எழுந்திருக்காமல், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எப்போது வருவாய் என்று கேட்டேன். அவள் சுவரைக் காட்டினாள். கரும்பலகை. நாளை காலை 38, மதியம் 12, இரவு 36.

"முந்தின நாளே எழுதிப் போட்டுருவாங்க. எழுதினதுக்கு மேல ஒரு ஆள் வந்ததில்ல" என்றாள். "கல்யாணமாகி இப்பதான் தர்ஷி, சோறு பத்துமான்னு யோசிக்காமத் தூங்குறேன்."

அப்பாவைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"உங்கப்பா நல்ல மனுசன். ஊரே சொல்லுது. நானும்தான் சொல்லுவேன்."

காணும் பொங்கலன்று என்ன நடந்தது என்பதை இட்லியைப் பிட்டுக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். அன்று மூன்று தடவை உலை வைத்திருக்கிறாள். நாலாவது பந்தியும் எழுந்த பிறகு தனக்கு ஒரு இலையைப் போட்டு, ஒரு கரண்டிச் சோறு வைத்திருக்கிறாள். அப்போது வாசலில் அப்பாவின் குரல். ஜெயா, ரெண்டு பேர்தான். இலையிலிருந்த சோற்றை அள்ளிப் பானையில் போட்டுவிட்டு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றிருக்கிறாள். வந்தது ஆறு பேர்.

"சண்டை போட்டிருக்கலாமேம்மா."

"எங்க போடுறது? சண்டை போடக்கூட வீட்ல ஆளில்லாத நேரம் வேணும்ல."

சிரித்தாள். நானும் சிரித்தேன். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: இங்கே வார்டன் ரொம்பக் கண்டிப்பு, போன மாதம் ஒரு பெண்ணின் சொந்தக்காரர்கள் கேட்டில் வந்து சத்தம் போட்டதற்கு அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள், நான் இருக்கிற இடம் யாருக்கும் தெரிய வேண்டாம்.

காணும் பொங்கல் வீடியோவை யாருக்கும் தெரியாதபடி மறைத்துவிட்டேன். தனியாகக் காரணம் எதுவும் இல்லை. பழைய வீடியோ.

பிப்ரவரி 10, செவ்வாய்

குருவம்மாள் அத்தை சொல்லாமல் வந்துவிட்டார். நான் கல்லூரியிலிருந்து வரும்போது வாசலில் அவருடைய செருப்பு.

அம்மா எங்கே என்று கேட்கவில்லை. நேராக அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். உப்பு ஜாடியைத் திறந்தவர் அப்படியே நின்றார். நான் அதற்குள் ஒரு எவர்சில்வர் கரண்டி போட்டு வைத்திருந்தேன்.

"உப்புக்குள்ள எவர்சில்வரைப் போட்டு வைக்கிறவ இல்ல உங்கம்மா. அவ கொட்டாங்கச்சி அகப்பையத்தான் போட்டிருப்பா. போயி எத்தனை நாளாச்சு?"

அப்பா கடையிலிருந்து வந்து, மதுரையில் இருக்கிறாள் என்று சொன்னதும் பேச்சு பெரிதானது. அத்தை சத்தம் போடவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சிவராத்திரிக்கு மறுநாள் பந்தியில் ஜெயக்கொடி நின்று பரிமாற வேண்டும், சொந்தத்துக்கு முன்னால் என் தம்பி தலை குனிந்து நிற்பதை நான் பார்க்கமாட்டேன் என்றார்.

"அன்னைக்கு அவ இல்லேன்னு வையி, சாப்பிட்ட கையோட நாங்க வர்ற வேன் மதுரைக்குத் திரும்பும். அத்தனை பேரும் போயி நின்னு கூட்டியாருவோம். எப்படி வராமப் போறான்னு பாப்போம்."

"அது வேணாம்க்கா" என்றார் அப்பா. "பொம்பளைப் பிள்ளைக இருக்கிற விடுதி அது. வாசல்ல போயி நிக்கிறது சரியா இருக்காது."

விடுதி பற்றி நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு லீவு விட்டுவிட்டுக் காயில் கம்பி வாங்க என்று இரண்டு செவ்வாய் மதுரைக்குப் போனார். இரண்டு தடவையும் கம்பி வாங்காமல் வந்தார்.

அத்தை எந்த விடுதி என்று கேட்டார். அப்பா சொல்லவில்லை. சித்தியைக் கேட்டால் தெரிகிறது என்று அத்தை சாத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 11, புதன்

அக்காவின் வீடியோக்களில் தேடினேன். மேசை விரிப்பு பற்றி இருக்கிறது. குழந்தைகள் பந்தி பற்றி இருக்கிறது. ஒரு வேன் சொந்தம் அம்மாவின் வேலையைப் பறிக்கப் போவது பற்றி எதுவும் இல்லை.

அப்பாவிடம் கரும்பலகையைப் பற்றிச் சொன்னேன். பானைக்குள் திரும்பிப் போன அந்த ஒரு கரண்டிச் சோற்றையும். அவர் மோட்டார் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். கேட்டாரா என்றே தெரியவில்லை. கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்று தப்பிவிட்டது போல, மொத்தத்தையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல அத்தான், சும்மாதான் கேட்டேன். பிள்ளைகளையும் சேத்து எத்தனை பேரு… ஐயோ, அப்படி எல்லாம் இல்ல. எல்லாரும் வாங்க. எத்தனைன்னு மட்டும்."

கடன் கேட்பவர் குரல் மாதிரி இருந்தது. ஒரு போன் முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் போட்டார். ஒரு மாமா சத்தமாகச் சிரித்தது எனக்கே கேட்டது. எண்ணித்தான் சோறு போடப் போறியா பால்ச்சாமி, என்ன ஆச்சு உனக்கு? அப்பாவும் கூடவே சிரித்தார். ஷட்டருக்கு வெளியே சோற்றுத் தூக்கோடு ரொம்ப நேரம் நின்றேன். உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சாக்பீஸ் எடுத்து அடுக்களைக் கதவில் பெரிதாக எழுதினார். 34.

பிப்ரவரி 13, வெள்ளி

கதவைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கூடவே அத்தை சொன்ன வேன் விஷயத்தையும் எழுதினேன். வா என்று எழுதி அழித்தேன். வராதே என்று எழுதி அதையும் அழித்தேன். பார்த்துவிட்டாள், டிக் நீலமாகிவிட்டது.

சாயங்காலம் பதில் வந்தது. ஒரே ஒரு எண்: 35.

எனக்கு எரிச்சல். ஒவ்வொரு வீடாக விரல் விட்டு எண்ணினேன். சாத்தூர் ஏழு, பந்தல்குடி ஆறு, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தாகிவிட்டது. எப்படி எண்ணினாலும் முப்பத்துநான்குதான். யாரை விட்டுவிட்டேன் என்று கேட்டும் அனுப்பினேன். அப்பாவிடம் போனைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார், மறுபடி போட்டுப் பார்த்தார்.

பிறகு கதவில் இருந்த நான்கை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஐந்து எழுதினார். யாருப்பா என்று கேட்டதற்கு, இலை வாங்கிவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு. சிவராத்திரி

எல்லோரும் கோயிலில். அப்பா கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து பூண்டு உரித்தார். ஒரு பல் உரிக்க ஒரு யுகம். அரிசி கல் பொறுக்கி அளந்து வைத்தாகிவிட்டது. தண்ணீர் குடித்து உட்கார்ந்தேன், இரண்டாவது நிமிடமே எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

எழுதி முடிக்காமல் படுக்கப்போவதில்லை.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. வருகிறவர்களிடம் வேலை கொடுங்கள், சும்மா உட்கார்ந்தால்தான் குறை தெரியும் என்று மலர்மதி அக்கா சொல்வார். கொடுத்தேன். கறிக்குழம்பு, அப்பாவின் தம்பி வீரணன் சித்தப்பாவுக்கு. வருஷா வருஷம் பட்டாளத்தில் இருநூறு பேருக்குச் சமைத்த கதையைச் சொல்கிறாரே, செய்யட்டும். ஆம்பளைப் பையன்களுக்கு வெங்காயம். ஒருத்தன் அழுதான், எல்லோரும் சிரித்தார்கள். குருவம்மாள் அத்தை மட்டும் எந்த வேலையும் வாங்கிக்கொள்ளாமல் ஹாலின் நடுவில் உட்கார்ந்து அடுக்களைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவில் 35. எண்ணிக்கையை அவர் பார்க்கவில்லை. யார் வெளியே வருகிறார்கள் என்றுதான் பார்த்தார்.

"எங்க அவ?" என்றார் கடைசியில். குளிக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. "சரி. சாப்பாடு முடியட்டும்" என்று வேன் டிரைவரைக் கூப்பிட்டு மதுரைக்கு எவ்வளவு நேரமாகும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார். சித்தி முகவரி கொடுத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஹாலிலும் முற்றத்திலுமாக அப்பா இலை போட்டார். அப்பா இலை போட்டு நான் பார்த்ததில்லை. சிலவற்றின் நுனி வலப்பக்கம் இருந்தது, பின்னாலேயே போய்த் திருப்பி வைத்தேன். எல்லோருக்கும் ஒரே பந்தி. யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பாவும் பையன்களும் பரிமாறிவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருவது என்று ஏற்பாடு. அவர்களுக்கும் இலை போட்டுத்தான் இருந்தது.

அப்போது வாசல் கேட்டு திறக்கிற சத்தம்.

அம்மா. நூல் சேலை, தோளில் ஒரு பை. ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். முட்டாள் மாதிரி கதவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அத்தைதான் முதலில் பேசினார். "வந்துட்டியா. வா, வா. பையை வச்சிட்டு அடுப்பைப் பாரு, பிள்ளை ஒத்தையில கிடந்து தவிக்குது."

அம்மா வாசற்படியில் நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை. வலப்பக்கம் அடுக்களை, நேரே ஹால். அத்தனை பேரும் அவள் காலைப் பார்த்தார்கள்.

"அக்கா, அவ முப்பத்தஞ்சாவது ஆளு" என்றார் அப்பா. ஜன்னலோரமாகக் கையைக் காட்டினார். "எண்ணித்தான் இலை போட்டிருக்கு. ஜெயா, வந்து உக்காரு."

அம்மா செருப்பைக் கழற்றினாள். ஜன்னலோரம் ஒரு இலை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தாள்.

நான்தான் அவளுக்குச் சோறு போட்டேன். போதும் என்று அவள் சொல்லும்வரை போட்டேன். அவள் சீக்கிரம் சொல்லவில்லை. அம்மா இவ்வளவு சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. கறி வாங்கினாள், குழம்பு வாங்கினாள், ரசம் வாங்கிக் கையில் குடித்தாள். "உப்பு கம்மி" என்றாள். சித்தப்பா, குழம்பில் இல்லையே என்று பதறினார். "ரசத்துல" என்றாள். ரசம் என்னுடையது.

சாப்பிட்டு முடிந்ததும் வழக்கம்போல ஒவ்வொருவராக இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். எச்சில் இலை எடுப்பது எங்கள் வீட்டில் அம்மா வேலை. பழக்கத்தில் அம்மா குனிந்து பக்கத்து இலைக்குக் கையை நீட்டிவிட்டாள். நீட்டிய கை அங்கேயே நின்றது.

அதற்குள் அப்பா வந்து அம்மாவின் இலையை எடுத்தார்.

"டேய் பால்ச்சாமி" என்றார் அத்தை.

அப்பா நிமிரவில்லை. அம்மா இலைமேல் பக்கத்து இலை, அதன்மேல் அடுத்தது. குழம்பு முழங்கை வரை வழிந்தது. வரிசையாக வந்து அத்தையிடம் நின்றார். அத்தை தன் இலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், பிடுங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்பதுபோல. "நீ எடுக்காதடா. நானே எடுக்கிறேன்" என்று தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். போகிற வழியில் வேன் டிரைவரிடம், நேரா சாத்தூர்தான் என்றார்.

அம்மா தங்குவாள் என்று நினைத்தேன். மூன்றரைக்குப் பையை எடுத்தாள். "நாலு மணிக்கு பஸ்ஸு. நாளைக்குக் காலையில முப்பத்தெட்டுப் பேருக்கு இட்லி."

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டு போனார்களா என்று தெரு முனை வரை பார்த்தேன். சண்டை போடுவது மாதிரிதான் இருந்தது. அம்மாவின் கை வீசிக்கொண்டே போனது. அப்பா தலையாட்டிக்கொண்டே போனார்.

வீடியோ எடுக்கவில்லை. போன் எங்கே இருந்தது என்றே சாயங்காலம்தான் தேடினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மலர்மதி அக்கா புது வீடியோ போட்டிருக்கிறார். இன்னும் பார்க்கவில்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டு அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் அங்கே வரலாமா, வெளியே எங்காவது சாப்பிடலாம். எத்தனை பேர் என்று போடட்டும் என்று கேட்டேன். "ரெண்டு பேர்தான்" என்றார், யோசிக்காமல்.

அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "எண்ணிட்டுச் சொல்லச் சொல்லு."

அப்பா தன் நெஞ்சில் ஒரு விரலை வைத்தார். பிறகு என்னை நோக்கி ஒரு விரலை நீட்டினார். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார், யாரும் வருகிறார்களா என்று.

"ரெண்டு" என்றார். "அனுப்பு."